மரியாதையை எங்கே வைப்பது? மூன்று மெயில்கள், ஒரு நிகழ்வு ஆய்வு

பெங்களூரு அல்சூரில், கடைத்தெருவை ஒட்டிய ஒரு மாடி அறையில் ஞாயிற்றுக்கிழமைகளில் ஆங்கிலம் எழுதக் கற்றுக்கொடுக்கிறேன். வருகிறவர்கள் பெரும்பாலும் தமிழ்ப் பிள்ளைகள். தருமபுரி, கிருஷ்ணகிரி, வேலூர், ஆம்பூர் பக்கமிருந்து வந்து வைட்ஃபீல்டிலும் எலக்ட்ரானிக் சிட்டியிலும் வேலை பார்க்கிறவர்கள். ஆங்கிலம் தெரியாதவர்கள் இல்லை, நாள் முழுக்க அதில்தான் எழுதுகிறார்கள். ஒரே பொருளுக்கு இரண்டு மூன்று சொல் இருக்கும்போது எதை எடுப்பது என்ற இடத்தில்தான் கால் தடுக்குகிறது.

இது அவர்களில் ஒருவரைப் பற்றியது. அவர் சம்மதத்தோடு எழுதுகிறேன். பெயரும் நிறுவனமும் வேண்டாம் என்று இருவரும் பேசி முடிவு செய்தோம்.

தருமபுரிப் பெண், வயது 25. பன்னிரண்டாவது வரை தமிழ்வழியில் படித்து, பிறகு பொறியியல் முடித்தவர். இங்கிலாந்தில் இருக்கும் ஒரு நிறுவனத்தின் பில்லிங் மென்பொருளைப் பார்த்துக்கொள்ளும் குழுவில் சப்போர்ட் வேலை. பிற்பகல் ஷிஃப்ட். கோடையில் இங்கே மணி இரண்டு ஆகும்போது அங்கே காலை ஒன்பதரை. போனில் பேசுவது அபூர்வம், எல்லாம் மெயில்தான். அங்கிருப்பவர்களுக்கு இவர் முகம் தெரியாது, குரல் தெரியாது. இவர் எழுதும் நாலு வரிதான் இவர்.

ஒரு ஞாயிறு வகுப்பு முடிந்து எல்லாரும் கிளம்பிய பிறகும் உட்கார்ந்திருந்தார். பையிலிருந்து இரண்டு மெயில்களின் அச்சுப் பிரதியை எடுத்து வைத்தார். மூன்றாவது போனில் டிராஃப்டாக இருந்தது. "இதை நாளைக்கு அனுப்பணும் அக்கா. முதல் ரெண்டும் தப்பாப் போச்சு. இதுவும் தப்பாப் போயிடக் கூடாது" என்றார்.

முதல் மெயில்

அங்குள்ள ஐ.டி. மேலாளருக்கு எழுதியது. அவர் ஐம்பது வயதைத் தாண்டிய பெண்மணி. ஒரு கோளாறைக் கண்டுபிடிக்க அவர்கள் பக்கத்து லாக் ஃபைல் (மென்பொருள் ஓடும்போது நடப்பதைப் பதிந்துவைக்கும் கோப்பு) தேவைப்பட்டது. கேட்டு இரண்டு நாள் ஆகியும் வரவில்லை. இவர் எழுதினார்: 'யூ ஹேவ் ஃபெயில்ட் டு ப்ரொவைட் த லாக் ஃபைல். கைண்ட்லி டு த நீட்ஃபுல் அண்ட் ரிவர்ட் அட் தி எர்லியெஸ்ட்.'

பதில் ஒரே வரியில் வந்தது, இவருடைய மேலாளருக்கும் நகலோடு. தான் எதில் தவறினேன் என்று புரியவில்லை என்ற பொருளில்.

இவர் அதிர்ந்துபோனார். மனதில் துளிக்கூட கோபம் இல்லாமல், பெரியவருக்கு எழுதுகிறோம் என்று பார்த்துப் பார்த்து எழுதியது அது. 'டிட் நாட் சென்ட்' என்பது பேச்சுமொழி, 'ஃபெயில்ட் டு ப்ரொவைட்' என்பது அதற்கான எழுத்துமொழி என்று நினைத்திருக்கிறார். ஆனால் 'ஃபெயில்ட் டு' என்பதில் ஒரு குற்றச்சாட்டு இருக்கிறது. செய்ய வேண்டிய கடமையைச் செய்யாமல் விட்டாய் என்று பொருள். வக்கீல் நோட்டீஸில் வருவது அதற்காகத்தான். 'கைண்ட்லி'யும் அப்படித்தான். நமக்கு அது 'தயவுசெய்து'. இங்கிலாந்துக்காரர் காதில் அது பெரும்பாலும் எரிச்சலை அடக்கிக்கொண்டு சொல்வது போலக் கேட்கும். ஆங்கிலம் கற்பவர்களுக்கான அகராதிகளே இதைக் குறிப்பிடுகின்றன. 'ரிவர்ட்' அங்கே பழைய நிலைக்குத் திரும்புவது. பதில் எழுதுவது என்ற பொருள் நம் ஊர் அலுவலகங்களில்தான் புழங்குகிறது.

ஒவ்வொரு சொல்லையும் மரியாதை என்று நினைத்துப் போட்டிருக்கிறார். போய்ச் சேர்ந்தபோது அது ஒரு எச்சரிக்கைக் கடிதமாகிவிட்டது.

இரண்டாவது மெயில்

அதன் பிறகு டீம் லீட் கூப்பிட்டு, 'அவங்களுக்கு கேஷுவலா எழுதினாத்தான் பிடிக்கும்' என்று சொல்லியிருக்கிறார். நல்ல எண்ணத்தில் சொன்னதுதான். மூன்று வாரம் கழித்து இவர்கள் பக்கத்துத் தவறால் ஒரு பில்லிங் ஓட்டம் இரண்டு முறை ஓடி, அந்த நிறுவனத்தின் வாடிக்கையாளர்கள் பலருக்கு ஒரே இன்வாய்ஸ் இரண்டு முறை போய்விட்டது. ஷிஃப்டில் இருந்தவர் இவர்தான். எழுதினார்: 'ஹாய் ஆல், சாரி அபௌட் தட்! வி மெஸ்ட் அப் தி இன்வாய்ஸ் ரன். ஆல் குட் நவ், நோ வொரீஸ்.'

மெயில் அங்கிருந்து நிதி இயக்குநர் வரை போனது. காலையிலிருந்து வாடிக்கையாளர்களிடம் போனில் திட்டு வாங்கிக்கொண்டிருந்த அலுவலகம் அது. கோபம் மேலிடத்திலிருந்து இறங்கி இவர் மேஜை வரை வந்தது.

இந்த மெயிலில் என்னை மிகவும் உறுத்தியது 'நோ வொரீஸ்'தான். பேருந்தில் ஒருவர் காலை மிதித்துவிட்டு, நாமே 'பரவாயில்லை பரவாயில்லை' என்று சொன்னால் எப்படி இருக்கும்? பரவாயில்லை என்று சொல்ல வேண்டியவர் மிதிபட்டவர். 'சாரி அபௌட் தட்' என்பது தேநீர் சிந்தியதற்குச் சொல்வது. 'மெஸ்ட் அப்' நெருக்கமான சக ஊழியரிடம் சொல்லக்கூடியது. ஆச்சரியக்குறி எதற்கும் உதவவில்லை.

அனுப்பாத மூன்றாவது

முதல் மெயில் போன அதே பெண்மணியின் அப்பா வெள்ளிக்கிழமை இறந்துவிட்டார். செய்தியை அவருடைய சக ஊழியர் ஒருவர் தெரிவித்திருந்தார். அந்தப் பெண்மணி இரண்டு வாரம் விடுப்பு. இவர் ஆறுதல் சொல்ல விரும்பினார். யாரும் சொல்லச் சொல்லவில்லை, தானாகவே. டிராஃப்டில் இருந்த முதல் வரி: 'ரெஸ்பெக்டட் மேடம், ஐ கேம் டு நோ தட் யுவர் ஃபாதர் ஹேஸ் எக்ஸ்பயர்ட்.'

இங்கிலாந்தில் இன்றைய பேச்சில் எக்ஸ்பயர் ஆவது ஓட்டுநர் உரிமம், வங்கி அட்டை, பால் பாக்கெட். மனிதருக்கு அந்தச் சொல் பழைய இலக்கியத்தில் உண்டு, நம் நாட்டில் இன்றும் சாதாரணமாக உண்டு. அப்பாவை இழந்த மூன்றாம் நாள் அந்த அம்மாள் இதைப் படித்தால் என்ன நினைப்பார் என்று நினைத்துப் பார்க்கவே எனக்குக் கஷ்டமாக இருந்தது.

"ஏன்மா 'டைட்'னு எழுதல?" என்று கேட்டேன்.

"ஐயோ அக்கா, அது 'செத்துட்டார்'னு சொல்ற மாதிரி இருக்கு."

மூன்று மெயில்களுக்குமான முடிச்சு அந்த ஒரு பதிலில் இருந்தது.

ஏன் இப்படி ஆகிறது

தமிழில் ஒரு சாவைச் சொல்ல எத்தனை படிகள்! செத்தான், இறந்தார், தவறிவிட்டார், காலமானார், இயற்கை எய்தினார், இறைவனடி சேர்ந்தார். சுவரொட்டியில் எது வரும், வீட்டுப் படியில் நின்று எதைச் சொல்ல வேண்டும் என்று நமக்கு யாரும் சொல்லித் தரவில்லை, ஆனாலும் தவறமாட்டோம். இந்தப் பெண் அதே படிக்கட்டை ஆங்கிலத்துக்கு எடுத்துப்போனார். சின்னச் சொல்லான 'டை'யை 'செத்தார்' படியிலும், பெரிய சொல்லான 'எக்ஸ்பயர்'ஐ 'காலமானார்' படியிலும் வைத்தார். ஆனால் ஆங்கிலத்தில் 'டை' இருப்பது 'இறந்தார்' என்ற படியில். அதில் மரியாதைக் குறைவு எதுவும் இல்லை. 'செத்தார்' படிக்கு அவர்களிடம் 'கிக் த பக்கெட்' போன்ற வேறு சொற்கள் இருக்கின்றன. பிரிட்டிஷ் அரசின் இணையதளத்தில் குடும்பத்தில் ஒருவர் இறந்தால் செய்ய வேண்டியவற்றைச் சொல்லும் பக்கத்தின் தலைப்பே 'வாட் டு டு வென் சம்வன் டைஸ்' என்பதுதான். துக்கத்தில் இருப்பவர்கள் படிக்கும் பக்கம் அது.

இன்னும் ஆழமாக ஒன்று இருக்கிறது. தமிழில் மரியாதை சொல்லின் வாலில் இருக்கிறது. வா, வாங்க. வந்தான், வந்தார். வேர்ச்சொல் ஒன்றேதான், வால் மாறினால் போதும். பெங்களூருக்கு வந்த இந்தப் பெண் கன்னடத்தையும் இதே போலத்தான் பிடித்துக்கொண்டார். காய்கறி விற்கும் அம்மாவிடம் 'ஹோகு' என்று சொல்லக் கூடாது, 'ஹோகி' என்று சொல்ல வேண்டும் என்று இரண்டே வாரத்தில் தெரிந்துகொண்டதாகச் சொன்னார். ஆங்கிலத்தில் அந்த வாலே கிடையாது. ஒரு காலத்தில் ஒருமைக்கு 'தௌ', பன்மைக்கும் மரியாதைக்கும் 'யூ' என்று இருந்தது. பதினேழாம் நூற்றாண்டு வாக்கில் 'தௌ' பொதுவழக்கிலிருந்து உதிரத் தொடங்கியது. இப்போது பிரதமருக்கும் 'யூ', பக்கத்து வீட்டுக் குழந்தைக்கும் 'யூ'.

வாலில் வைக்க இடமில்லாதபோது நாம் மரியாதையைச் சொல்லின் உடம்பிலேயே திணிக்கப் பார்க்கிறோம். நீளமான சொல்லாக இருந்தால் மரியாதை கூடுதலாக இருக்கும் என்று நினைக்கிறோம். இந்த எண்ணம் வானத்திலிருந்து விழுந்ததில்லை, அதற்கு ஆங்கிலத்தின் வரலாறும் ஒரு காரணம். 1066-இல் பிரான்சிலிருந்து வந்த நார்மானியர்கள் இங்கிலாந்தைப் பிடித்த பிறகு அரண்மனையிலும் நீதிமன்றத்திலும் பிரெஞ்சு புழங்கியது. வழக்குகளை ஆங்கிலத்தில் நடத்த வேண்டும் என்று சட்டம் வந்ததே 1362-இல்தான். உழவர் வீட்டுச் சொல்லாக 'பை', பெரிய வீட்டுச் சொல்லாக 'பர்ச்சேஸ்'. அதேபோல 'பிகின்', 'கமென்ஸ்'. 'ஹெல்ப்', 'அசிஸ்ட்'. சில இடங்களில் லத்தீனும் சேர்ந்து மூன்றாகிவிட்டது: 'ஆஸ்க்', 'க்வெஸ்ச்சன்', 'இன்டராகேட்'. முதலாவதை யாரும் யாரிடமும் செய்யலாம், மூன்றாவதைப் போலீஸ்தான் செய்யும். நீளம் கூடக் கூட மரியாதை கூடவில்லை, அதிகாரம்தான் கூடுகிறது. இதைத்தான் நான் வகுப்பில் திரும்பத் திரும்பச் சொல்கிறேன். பெரிய சொல் அலுவல் தோரணையைத் தரும். அது மரியாதை ஆகாது.

நம் எழுத்துத் தமிழும் பேச்சுத் தமிழும் விலகி நிற்பது இன்னொரு காரணம். ஒரே மொழிக்கு இப்படி உயர்ந்தது, அன்றாடத்துக்கானது என்று இரண்டு வடிவம் இருப்பதைத்தான் மொழியியலாளர் சார்லஸ் ஃபெர்குசன் 1959-இல் 'டைகிளாஸியா' என்ற பெயரில் விவரித்தார். 'வந்துட்டிருக்கேன்' என்று பேசுகிற நாம் 'வந்துகொண்டிருக்கிறேன்' என்று எழுதுகிறோம். எழுதுவதென்றாலே வேறு மொழிக்கு மாறுவது என்று உடம்பில் பதிந்துபோயிருக்கிறது. அதனால் ஆங்கிலத்திலும் பேச 'டெல்', எழுத 'இன்ஃபார்ம்', இன்னும் பணிவாக எழுத 'இன்டிமேட்' என்று போகிறோம். ('இன்டிமேட்' என்றால் இங்கிலாந்தில் மறைமுகமாகக் கோடிகாட்டுவது. 'ப்ளீஸ் இன்டிமேட் மீ' என்று எழுதினால் பொருளே மாறிவிடும்.) ஆங்கிலத்தில் அப்படி ஒரு மதில்சுவர் இல்லை. 'ஆஸ்க்', 'ஹெல்ப்', 'பை', 'நீட்' எல்லாம் பேச்சுக்கும் எழுத்துக்கும் பொது.

இதிலும் இங்கிலாந்து வாசகருக்கு ஒரு தனிப் பழக்கம் இருக்கிறது. 1979-இல் கிறிஸி மேஹர் என்ற பெண்மணி லண்டன் பாராளுமன்றச் சதுக்கத்தில் அரசாங்கப் படிவங்களைக் கட்டுக்கட்டாகக் கிழித்துப் போட்டு எளிய ஆங்கிலத்துக்கான இயக்கத்தைத் தொடங்கினார். இன்று அரசு இணையதளத்துக்கு எழுதுகிறவர்களுக்கான வழிகாட்டியே 'பர்ச்சேஸ்' வேண்டாம் 'பை' போதும், 'அசிஸ்ட்' வேண்டாம் 'ஹெல்ப்' போதும் என்று சொல்கிறது. அப்படிப் பழகிய ஒருவர் மேஜையில் நம் நீளச் சொற்கள் போய் விழும்போது அவருக்கு அதில் பணிவு தெரிவதில்லை, தூரம்தான் தெரிகிறது.

அப்படியானால் ஆங்கிலத்தில் மரியாதை எங்கே இருக்கிறது? பெரும்பாலும் வினையைச் சுற்றி. 'குட் யூ', 'வுட் யூ', 'ஐ வாஸ் வொண்டரிங் இஃப்'. இறந்தகால வடிவத்தைப் போட்டு ஒரு எட்டு பின்னால் நின்று, எதிரில் இருப்பவருக்கு மறுக்க இடம் விட்டுக் கேட்பது. நமக்கும் இது புதிதில்லை. 'கொஞ்சம் பார்க்கிறீங்களா?' என்று நாம் ஏவலைக் கேள்வியாக்குவது இதற்குத்தான். அப்புறம், ஏன் கேட்கிறோம் என்ற காரணத்தைச் சொல்வதிலும் மரியாதை இருக்கிறது.

முதல் மெயிலை அன்று அங்கேயே திருத்திப் பார்த்தோம்: 'குட் யூ சென்ட் அஸ் ட்யூஸ்டேஸ் லாக் ஃபைல்? வி நீட் இட் டு ஃபைண்ட் அவுட் வை த ரன் ஸ்டாப்ட்.' செவ்வாய்க்கிழமை லாக் ஃபைலை அனுப்ப முடியுமா, ஓட்டம் ஏன் நின்றது என்று கண்டுபிடிக்க அது தேவை. எல்லாம் சின்னச் சொற்கள். பள்ளிக்கூடத்தில் ஐந்தாம் வகுப்பிலேயே அவர் படித்திருக்கக்கூடியவை. "இவ்வளவு சாதாரணமா எழுதினா என்னைப் படிக்காதவள்னு நினைக்க மாட்டாங்களா அக்கா?" என்று கேட்டார். தமிழ்வழியில் படித்து வந்தவர்களிடம் இந்தப் பயம் எவ்வளவு ஆழமானது என்று எனக்குத் தெரியும், நானும் அந்த வழியில் வந்தவள்தான். நினைக்க மாட்டார்கள் என்று சொன்னேன். இன்னும் பல வாரம் சொல்ல வேண்டியிருந்தது.

இரண்டாவது மெயிலுக்கு நேர் எதிரான மருந்து வேண்டும். அங்கே நடந்தது ஒரு நஷ்டம். மெயில் யார் யார் கைக்கோ போகும், ஒரு வருடம் கழித்துக்கூட யாராவது எடுத்துப் பார்ப்பார்கள். அப்படிப்பட்ட இடத்தில் கொஞ்சம் விறைப்பு தேவை. 'வி அபாலஜைஸ்' அங்கே சரியான சொல். 'வி ரிக்ரெட் தி இன்கன்வீனியன்ஸ் காஸ்ட்' வேண்டாம், அதில் தவறு செய்தவரே காணாமல் போகிறார். என்ன நடந்தது, அது எங்கள் தவறு, மன்னிப்புக் கேட்கிறோம், ஓட்டத்தை நிறுத்திவிட்டோம், பாதிக்கப்பட்ட வாடிக்கையாளர்களின் பட்டியல் இன்று ஐந்து மணிக்குள் வரும். இந்த வரிசையில் எழுதினால் போதும்.

டீம் லீட் சொன்ன 'கேஷுவல்' தவறான அறிவுரை இல்லை, பாதி அறிவுரை. இறுக்கம், தளர்வு என்று இரண்டு அலமாரி இருக்கிறது, வாடிக்கையாளருக்கு இரண்டாவதிலிருந்து எடு என்பதாக அது இவர் காதில் விழுந்துவிட்டது. நடுவில் பெரிய இடம் ஒன்று இருக்கிறது. அலுவலகத்தில் எழுதுவதில் பெரும்பகுதி அந்த நடு இடத்தில்தான் நடக்கிறது. 'ஐ காட் யுவர் மெயில்' நண்பருக்கு. 'வி ஆர் இன் ரிசீட் ஆஃப் யுவர் மெயில்' பழைய அரசு அலுவலகக் கடிதத்துக்கு. நடுவில் 'தேங்க் யூ ஃபார் யுவர் மெயில்' யாருக்கும் பொருந்தும். வினையோடு 'அவுட்', 'அப்' போன்ற சின்னச் சொல் ஒட்டி வரும் தொடர்கள் எல்லாம் பேச்சுமொழி என்று சொல்லிக்கொடுப்பதும் முழு உண்மை இல்லை. 'கேரி அவுட்' எந்த அரசு அறிக்கையிலும் வரும், 'செட் அவுட்' ஒப்பந்தத்திலேயே வரும். ஒப்பந்தத்தில் 'டெர்மினேட்' என்று இருந்தால் அதை 'எண்ட்' என்று மாற்றவும் கூடாது, அங்கே நீளச் சொல்லுக்கு ஒரு குறிப்பிட்ட சட்டப் பொருள் இருக்கிறது.

ஞாயிறு மாலை

மூன்றாவது மெயிலுக்கு வந்தோம். ஆங்கிலத்தை ஒதுக்கி வைக்கச் சொன்னேன். "உங்க தெருவுல ஒரு அத்தையோட அப்பா தவறிட்டார்னு வை. போய் நின்னு என்ன சொல்லுவ?"

கொஞ்ச நேரம் யோசித்துச் சொன்னார்: "'அத்தை, தாத்தா தவறிட்டார்னு கேள்விப்பட்டேன். மனசுக்கு ரொம்பக் கஷ்டமா இருக்கு. நீங்க ஏதாவது சாப்பிட்டீங்களா?'ன்னு கேப்பேன்."

முதல் இரண்டு வாக்கியமும் அப்படியே ஆங்கிலத்தில் வந்து உட்கார்ந்துவிட்டன. 'ஐ வாஸ் வெரி சாரி டு ஹியர் தட் யுவர் ஃபாதர் டைட்.' 'பாஸ்ட் அவே' என்று போடலாமா என்று கேட்டார். போடலாம், மென்மையான சொல்தான், பலரும் எழுதுகிறார்கள். செய்தி சொன்ன சக ஊழியர் என்ன சொல் பயன்படுத்தியிருக்கிறார் என்று பார்க்கச் சொன்னேன். போனைத் திறந்து பார்த்தார், 'டைட்' என்றே இருந்தது. அந்த வீட்டிலும் அலுவலகத்திலும் புழங்கும் சொல் அதுவாக இருக்கலாம் என்று அதையே வைத்தோம். 'ரெஸ்பெக்டட் மேடம்' போய் அந்தப் பெண்மணியின் முதல் பெயர் வந்தது. இதற்குத்தான் அவர் கை ரொம்ப நேரம் தயங்கியது. பெரியவரைப் பெயர் சொல்லிக் கூப்பிடுவது தருமபுரியில் நடக்காது. ஆனால் அந்த அம்மாள் இவருக்கு எழுதிய ஒவ்வொரு மெயிலிலும் கீழே வெறும் முதல் பெயரைத்தான் போட்டிருந்தார். அப்படிக் கூப்பிடு என்று அவரே கொடுத்த அனுமதி அது.

'சாப்பிட்டீங்களா' என்ற மூன்றாவது வாக்கியம்தான் மடங்க மறுத்தது. நேராகப் போட்டால் அங்கே அதற்குப் பொருளே இல்லை. விட்டுவிடலாம் என்றார். எனக்கு விட மனமில்லை. அந்தக் கேள்வியில் நாம் உண்மையில் என்ன சொல்கிறோம்? உங்களை நீங்கள் கவனித்துக்கொள்ள முடியாத நேரம் இது, நாங்கள் பார்த்துக்கொள்கிறோம் என்று. அப்படியானால் இந்தப் பெண் எதைப் பார்த்துக்கொள்ள முடியும்? அந்த அம்மாள் பெயரில் திறந்து கிடந்த டிக்கெட்டுகளை, அதாவது இன்னும் தீர்க்காத கோளாறுப் பதிவுகளை. அவரே கண்டுபிடித்தார், நான் சொல்லவில்லை. 'ப்ளீஸ் டோண்ட் வொரி அபௌட் தி ஓபன் டிக்கெட்ஸ். ஐ வில் லுக் ஆஃப்டர் தெம் அண்டில் யூ ஆர் பேக்.'

மொத்தம் மூன்று வாக்கியம். 'மே ஹிஸ் சோல்' என்று தொடங்கும் நான்காவதை எடுத்துவிட்டோம். அந்த வீட்டாரின் நம்பிக்கை நமக்குத் தெரியாது.

பிறகு

அவர் திங்கள் பிற்பகல் ஷிஃப்ட் தொடங்கியதும் அனுப்பிவிட்டு, சொன்னபடி இரண்டு வாரமும் டிக்கெட்டுகளைப் பார்த்துக்கொண்டார். எழுத்துத் தொனி பற்றி அங்கிருந்து வேறு புகார் இதுவரை வரவில்லை.

வகுப்பில் நாங்கள் தொடர்ந்து செய்தது சின்ன வேலை. ஒரு சொல்லைப் படித்தால் பக்கத்தில் 'ஃபார்மல்', 'இன்ஃபார்மல்' என்று எழுதுவதை நிறுத்திவிட்டு, அதை யார் யாரிடம், எந்த நேரத்தில் சொல்வார்கள் என்று ஒரு ஆளை எழுதி வைக்கச் சொன்னேன். 'ஃபெயில்ட் டு' பக்கத்தில் 'வக்கீல்' என்று இருக்கிறது. 'நோ வொரீஸ்' பக்கத்தில் 'மிதிபட்டவர்' என்று. 'கைண்ட்லி டு த நீட்ஃபுல்' பக்கத்தில் அவரே 'மின்வாரிய ஆபீஸ், நம்ம ஊர்' என்று எழுதியிருந்தார். சரிதான். அந்தச் சொற்றொடரை நான் தூக்கிப் போடச் சொல்லவில்லை. ஒரு காலத்தில் பிரிட்டனிலேயே புழங்கியது அது. அங்கே மங்கிவிட்டது, இங்கே உயிரோடு இருக்கிறது. நம் அலுவலகங்களுக்குள் அது யாரையும் குத்துவதில்லை.

எல்லாம் சரியாகிவிட்டது என்று சொல்ல மாட்டேன். அவசரத்தில் 'ரிவர்ட்' இன்னும் வருகிறது. தவறு நடந்த நாட்களில் பழையபடி நீளச் சொற்களுக்குப் பின்னால் போய் ஒளிந்துகொள்கிறார்.

விடுப்பு முடிந்து அந்தப் பெண்மணி பதில் எழுதியிருந்தார். டிக்கெட்டுகளுக்கு நன்றி சொல்லி, கடைசி வாரம் முழுவதும் அப்பாவின் தோட்டத்தை ஒழுங்குபடுத்தியதாக ஒரு வரி. அந்த வரியில் 'மை ஃபாதர்' இல்லை, 'டேட்' என்று இருந்தது. இவர் அன்று ராத்திரி பத்தரைக்கு ஷிஃப்ட் முடிந்து எனக்குப் போன் செய்தார். "அக்கா, நான் பதில் எழுதறப்போ 'யுவர் ஃபாதர்'னே போடட்டுமா, இல்ல 'யுவர் டேட்'னு போடலாமா?"

"உனக்கு என்ன தோணுது?"

"அவங்களே அப்படிச் சொல்லிட்டாங்களே அக்கா. இப்போ நான் 'ஃபாதர்'னு எழுதினா தள்ளி நிக்கிற மாதிரி இருக்கும்."

'டேட்' என்றே எழுதினார். தோட்டத்தில் என்ன செடி என்றும் கேட்டிருந்தார்.